கொல்லிப்பாவையின் பற்கள்

கொல்லிமலையைப் பற்றி எழுதப் புகும் தமிழாசிரியன் வல்வில் ஓரியில் தொடங்குவான். இல்லையேல் கொல்லிப்பாவையில் தொடங்குவான். நான் இரண்டாம் வகை. சங்கப் பாடல்களில் அந்தப் பாவை தெய்வம் சமைத்த உருவம். காற்றடித்தாலும் இடி விழுந்தாலும் தன் வனப்புக் குன்றாமல் நிற்பது. தலைவியின் அழகுக்கு உவமையாக வருவது. பிற்காலக் கதைமரபிலோ அது வேறொன்றாக மாறிவிடுகிறது. மலையில் தவம் செய்தோரைக் காக்க நிறுவப்பட்ட பொறி அது என்றும், தீங்கு செய்ய வருவோரைப் பார்த்துச் சிரிக்கும் என்றும், அந்தச் சிரிப்பில் மயங்கியவர் உயிர் பிழைப்பதில்லை என்றும் மலையடிவாரத்தில் இன்றும் சொல்வார்கள். காப்பதும் கொல்வதும் ஒரே சிரிப்புத்தான். நண்பர்களுக்கு அப்பெயரில் வெளிவந்த சிற்றிதழும் நினைவுக்கு வரக்கூடும். நான் இங்கே எழுத நினைப்பது இலக்கியம் பற்றியன்று, பற்களைப் பற்றி. பாவையின் சிரிப்பைப் போலவே காக்கவும் கெடுக்கவும் வல்ல ஒரு தனிமத்தைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தார். கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றைச் சேர்ந்தவர். மலையாளி இனத்தவர், இங்கே மலையாளி என்பது மலையில் வாழும் பழங்குடியினரின் பெயர், கேரளத்தாரைக் குறிப்பதன்று. நன்றாக வாசிப்பார், ஆனால் எழுந்து வாசிக்கும்போதெல்லாம் துப்பட்டாவின் நுனியை வாயருகே பிடித்துக்கொள்வார். ஒரு நாள் அகப்பாடல் ஒன்றில் 'எயிறு' என்ற சொல் வந்தது. முல்லை அரும்பையும் முத்தையும் பல்வரிசைக்கு உவமை சொல்லும் மரபை விளக்கிவிட்டு, அவரை வாசிக்கச் சொன்னேன். வழக்கம்போல் கை வாய்க்குப் போயிற்று. "கொல்லிப்பாவையின் ஊரிலிருந்து வந்துவிட்டு இவ்வளவு தயக்கமா? கையை எடுத்துவிட்டு வாசியுங்கள்" என்றேன். வேடிக்கையாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். அவர் கையை எடுத்தார். முன்பற்களின் குறுக்கே பழுப்பு வரிகள், இடையிடையே சுண்ணாம்பு பூசினாற்போல் வெண்திட்டுகள். பின்வரிசையிலிருந்து யாரோ சிரித்தார்கள். அவர் பாடலை முழுவதும் வாசித்துவிட்டே அமர்ந்தார்.

மறுநாள் அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்ல சார். இது தண்ணியால வந்தது. என் தம்பிக்கு இப்படி இல்ல. அவன் பல்லு வெள்ளையாத்தான் இருக்கும். ஆனா பாதிக்கு மேல சொத்தை" என்றார். அவருடைய தந்தை திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஆழ்துளைக் கிணறு போடும் வேலைக்குப் போனவர். ஆண்டில் பெரும்பகுதி வெளி மாநிலங்களில் இருப்பார். ஆகவே தாய், கைக்குழந்தையான இவரோடு தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உறவினர் தோட்டத்தில் தங்கிக் கூலிவேலை பார்த்திருக்கிறார். ஏழு வயதில் மலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். தம்பி அதன்பின் மலையிலேயே பிறந்து, மலைத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவன்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர். ஒருவருக்குக் கறைபடிந்த, ஆனால் உறுதியான பற்கள். மற்றவனுக்கு வெள்ளையான, ஆனால் அரித்துப்போன பற்கள். அந்த முரண் என்னை விடவில்லை. இலக்கியம் படித்தவன் வேதியியலுக்குள் நுழைவது அத்துமீறல்தான். இருந்தும் படிக்கத் தொடங்கினேன். படித்ததன் சுருக்கமே இது.

*

இதே முரண் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவரையும் உறங்கவிடாமல் செய்திருக்கிறது. 1901-ல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கினார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதையும், வெளியூரிலிருந்து பெரியவர்களாக வந்து குடியேறியவர்களுக்கு அது இல்லாததையும் கண்டார். உள்ளூர்க்காரர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பன்றி இறைச்சி, கெட்ட பால் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அக்காலத்துப் பல் மருத்துவத்தின் பெரும்புலவரான ஜி. வி. பிளாக் 1909-ல் மெக்கேயோடு சேர்ந்தார். இருவரும் கண்டறிந்தவை இரண்டு. பல் ஈறுக்குள் உருவாகிக் கொண்டிருக்கும் பருவத்தில்தான் இந்தக் கறை ஏற்படுகிறது. முளைத்து முடிந்த பல்லில் ஏற்படுவதில்லை. இரண்டாவது வியப்புக்குரியது: கறை படிந்த இப்பற்கள் எளிதில் சொத்தையாவதில்லை.

காரணம் தண்ணீரில் இருக்கவேண்டும் என்று மெக்கே ஊகித்தார். 1923-ல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற ஊரில் அதற்குச் சான்று கிடைத்தது. தொலைவிலிருந்த ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகே குழந்தைகளின் பற்களில் கறை வரத் தொடங்கியது என்று அங்குள்ள தாய்மார்கள் சொன்னார்கள். அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றை நாடும்படி மெக்கே அறிவுறுத்தினார். சில ஆண்டுகளில், புதிதாக முளைத்த பற்கள் கறையின்றி வந்தன. ஆனால் தண்ணீரில் இருப்பது இன்னதென்று அப்போதும் தெரியவில்லை.

அது தெரியவந்தது பாக்சைட் என்ற ஊரில். ஆர்கன்சாஸ் மாநிலத்தில் அலுமினியத் தாது வெட்டி எடுக்கும் நிறுவனம் ஒன்றின் குடியிருப்பு அது. ஊரின் பெயரே தாதுவின் பெயர். அங்கும் குழந்தைகளுக்குக் கறை. அலுமினியப் பாத்திரங்களே காரணம் என்ற பேச்சு பரவிவிடுமோ என்று அஞ்சிய நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் எச். வி. சர்ச்சில், 1931-ல் அவ்வூர்க் கிணற்று நீரை நுட்பமாகப் பகுத்தாய்ந்தார். லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தது. ஆய்வில் பிழை நேர்ந்திருக்கும் என்று எண்ணி வேறொரு மாதிரியை வரவழைத்தார் என்பார்கள், விடை மாறவில்லை. கொல்லிமலையிலும் பாக்சைட் உண்டு. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்கே வெட்டி எடுத்ததை நாங்கள் அறிவோம். இந்த ஒற்றுமையிலிருந்து எந்த முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. அங்கே குற்றம் தாதுவினுடையதன்று, ஆழ்கிணற்றினுடையது.

பிறகு வந்தவர் டிரெண்ட்லி டீன். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர். கறையை ஏற்படுத்தாமல் சொத்தையை மட்டும் தடுக்கும் அளவு ஏதேனும் உண்டா என்பதே அவர் எழுப்பிய வினா. நான்கு மாநிலங்களில் 21 நகரங்களைச் சேர்ந்த 12 முதல் 14 வயது வரையிலான 7,257 சிறுவர்களின் பற்களை ஆராய்ந்து, லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் என்று 1942-ல் விடை கண்டார். 1945 ஜனவரி 25 அன்று மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் உலகிலேயே முதன்முறையாகத் தன் குடிநீரில் ஃபுளோரைடைக் கலக்கத் தொடங்கியது. அதன்பின் அங்கே பிறந்த குழந்தைகளிடம் பற்சொத்தை 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

*

இந்தக் கதை மேலைநாட்டு நூல்களில் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். நமக்கு இங்கேதான் தொடங்குகிறது.

டீன் பாதுகாப்பான அளவைத் தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சென்னை கிண்டியிலிருந்த கிங் நிறுவனத்தைச் சேர்ந்த எச். இ. ஷார்ட், சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். ராகவாச்சாரி ஆகிய மூவரும் நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் வேறொரு காட்சியைக் கண்டுகொண்டிருந்தார்கள். பற்களில் கறை அங்கே தொடக்கம் மட்டுமே. முப்பது நாற்பது வயதுக்குள் முதுகெலும்பு இறுகிக் குனிய முடியாமல், கழுத்தைத் திருப்ப முடியாமல், ஒரு பொருளைத் திரும்பிப் பார்க்க உடலையே திருப்பியவர்கள் அங்கே இருந்தார்கள். குடிநீரிலிருந்த ஃபுளோரைடே காரணம் என்று 1937-ல் அவர்கள் எழுதினார்கள். அதே ஆண்டில் ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்ட், நாயர் ஆகிய நால்வர் எழுதிய மற்றொரு கட்டுரை, சென்னை மாகாணத்தில் இந்நோய் வேரூன்றியிருப்பதை எக்ஸ்ரே படச் சான்றுகளோடு நிறுவியது. எலும்பைத் தாக்கும் ஃபுளோரோசிஸ் ஒரு வட்டார நோயாக இருப்பதை உலகுக்கு முதலில் விரிவாகச் சொன்ன ஆய்வுகளுள் இவை சேரும். அமெரிக்கா தண்ணீரில் ஃபுளோரைடைச் சேர்ப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, தண்ணீரிலிருந்து அதை நீக்கவேண்டிய தேவையைக் கிண்டி சொல்லிவிட்டது.

பின்னாளில் நாகபுரியிலுள்ள நீரி நிறுவனம் படிகாரத்தையும் சுண்ணாம்பையும் கொண்டு தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை நீக்கும் ஒரு முறையை உருவாக்கியது. நோய் கொடுமையாக இருந்த நல்கொண்டா மாவட்டத்தின் பெயராலேயே அது நல்கொண்டா முறை எனப்படுகிறது. ஒரு வேதியியல் முறைக்கு ஓர் ஊரின் துயரம் பெயராக அமைந்ததற்கு வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தண்ணீருக்குள் ஃபுளோரைடு எப்படி வருகிறது? நம் பகுதியின் அடித்தளம் முழுவதும் கருங்கல்லும் அதன் இனத்துப் பழம்பாறைகளும். அப்பாறைகளிலுள்ள சில கனிமங்களில் ஃபுளோரைடு பொதிந்திருக்கிறது. மழைநீர் பாறைப் பிளவுகளில் இறங்கி நெடுங்காலம் தங்கினால் அதைக் கரைத்துக்கொள்கிறது. நீரில் சுண்ணச் சத்துக் குறைந்தும் காரத்தன்மை மிகுந்தும் இருந்தால் கரைவது கூடுகிறது. சுருங்கச் சொன்னால், பாறையோடு எவ்வளவு நாள் குடியிருந்தது என்பதே நீரின் குணத்தைத் தீர்மானிக்கிறது. மேல்மண்ணில் விழுந்து ஓடையாகவும் ஊற்றாகவும் விரைந்து வெளிவரும் மலைநீருக்கு அந்த அவகாசம் பொதுவாகக் கிடைப்பதில்லை. நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து வரும் சமவெளி நீருக்குக் கிடைக்கிறது.

இங்கேதான் ரிக் வண்டி வருகிறது. திறந்த கிணறுகள் வற்றத் தொடங்கிய காலத்தில் நாம் ஆழத்தை நாடினோம். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தபோது, மூடிய ஆழ்துளைக் கிணறும் கைப்பம்பும் தூய நீரைத் தந்தன. அதனால் பிழைத்த உயிர்கள் மிகப்பல. இதை மறந்துவிட்டுப் பேசுவது நன்றியன்று. ஆனால் அதே துளை சில ஊர்களில் கிருமியில்லாத, ஃபுளோரைடு மிகுந்த நீரையும் மேலே கொணர்ந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையிலும் வேறுபாடு தெரியாது. குழந்தையின் இரண்டாம் பற்கள் முளைக்கும் ஆறேழு வயதில்தான் முதல் சான்று கண்ணுக்குப் படுகிறது. அதற்குள் காரியம் முடிந்துவிட்டிருக்கும். என் மாணவியின் தந்தை இந்தியா முழுவதும் கிணறு தோண்டியவர். எந்தக் கிணற்றிலிருந்து எந்தத் தண்ணீர் வந்தது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்ற சொற்கள் இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஜப்பானியக் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-ல் திறக்கப்பட்ட திட்டம் அது. ஓக்லியில் மெக்கே சொன்ன அதே தீர்வுதான்: இந்தத் தண்ணீரை விட்டுவிட்டு வேறு தண்ணீருக்குப் போங்கள். என் மாணவியின் பற்கள் உருவான காலத்துக்கு அது வந்துசேரவில்லை.

*

இனித் தம்பியின் பக்கம் வருவோம். மலையில் முன்பு தினையும் சாமையும் கேழ்வரகும் விளைந்தன. சில பத்தாண்டுகளாக ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி அந்த நிலங்களில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. கையில் பணம் வந்தது. அதோடு பெட்டிக்கடையும், பெட்டிக்கடையில் சரம்சரமாகத் தொங்கும் மிட்டாயும் பிஸ்கட்டும் வந்தன. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் போயின. பற்பசை எல்லா வீட்டுக்கும் வந்துசேரவில்லை. சொத்தைக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் அமைவது அரிது. இந்தப் பிள்ளைகளின் பற்களுக்கு ஃபுளோரைடு தேவைப்படுகிறது. கேள்வி, அதை எப்படிக் கொடுப்பது என்பதே.

அந்த 'எப்படி'க்கும் ஒரு வரலாறு உண்டு. தண்ணீரில் கலப்பது முதல் வழி. சுவிட்சர்லாந்து 1955 முதல் உப்பில் கலந்தது. மாத்திரையாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஃபுளோரைடு வயிற்றுக்குள் போய் இரத்தத்தின் வழியே உருவாகும் பல்லைச் சேரவேண்டும் என்ற எண்ணம். ஆனால் 1940களிலேயே சிலர் வேறு விதமாக யோசித்தார்கள். முளைத்த பல்லின்மீதே பூசினால் என்ன?

ஜான் நட்சன் வகுத்த முறை 1948-ல் வெளிவந்தது. பல்லைத் துடைத்துத் தூய்மை செய்து, இருபுறமும் பஞ்சு உருளை வைத்து எச்சில் படாமல் ஒதுக்கி, காற்றால் உலர்த்தி, 2 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடுக் கரைசலைத் தடவி மூன்று நான்கு நிமிடம் காயவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வீதம் நான்கு முறை. இதை 3, 7, 10, 13 ஆகிய வயதுகளில் செய்யவேண்டும். புதிய பற்கள் முளைத்துவரும் பருவங்கள் அவை. பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் செய்வதற்கென்றே உருவாக்கப்பட்ட முறை. அதன் குறை, நான்கு வாரம் தொடர்ந்து வரவேண்டியிருப்பது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒரு மருத்துவர் நான்கு வாரம் தொடர்ந்து மலையேறுவதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்து ஜோசப் மூலரின் வெள்ளீய ஃபுளோரைடு. 8 விழுக்காட்டுக் கரைசல். ஒரே தடவை போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்போதைக்கப்போது கரைத்தாக வேண்டும், வைத்தால் கெட்டுவிடும். உலோகச் சுவை, குழந்தைகள் துப்பிவிடுவார்கள், பல்லில் கறையும் படியும். 1956-ல் அமெரிக்காவில் பரவலாக விற்பனைக்கு வந்த கிரெஸ்ட் பற்பசை இந்த ஆய்வின் விளைவே. 1963-ல் புருடெவோல்டும் உடனாய்வாளர்களும் அமிலம் சேர்த்த பாஸ்பேட் ஃபுளோரைடை முன்வைத்தார்கள். 1.23 விழுக்காடு, கெடாது, சுவையூட்டலாம். ஜெல்லாக்கி, பல்வரிசையின் வடிவிலான தட்டில் நிரப்பி நான்கு நிமிடம் கடிக்கச் செய்வார்கள்.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்கலாம். அந்த ஜெல் ஒரு மில்லிலிட்டரில் 12.3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. இரண்டு தட்டுகளுக்கும் சேர்த்து 5 மில்லி நிரப்பினால் 61 மில்லிகிராமுக்கு மேல். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் உட்சென்றாலே உடனடி மருத்துவம் தேவை என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட எச்சரிக்கை அளவு. 12 கிலோ எடையுள்ள குழந்தை தட்டிலுள்ளதை முழுவதும் விழுங்கிவிட்டால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஆகவேதான் குழந்தையை நிமிர்ந்து உட்காரவைப்பதும், எச்சிலை உறிஞ்சி எடுப்பதும், முடிந்தபின் நன்றாகத் துப்பச் சொல்வதும், ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு ஜெல்லையே தவிர்ப்பதும்.

இந்தச் சிக்கலுக்கு விடையாக 1964-ல் ஜெர்மனியில் ஷ்மிட் அறிமுகம் செய்தது வார்னிஷ். மரச் சாமான்களுக்குப் பூசும் மெருகெண்ணெயின் தத்துவந்தான். பைன் மரப் பிசினில் 5 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு. அதாவது மில்லிலிட்டருக்கு 22.6 மில்லிகிராம் ஃபுளோரைடு. ஜெல்லைவிடச் செறிவு மிகுந்தது. ஆனால் சிறு தூரிகையால் பல்லின்மேல் மெல்லத் தடவினால் எச்சில் பட்டதும் இறுகிவிடும். சிறு குழந்தைக்குக் கால் மில்லி போதும். ஒரு நிமிட வேலை. நாற்காலி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், தாயின் மடியே போதும். அன்று கடினமான பண்டங்களைத் தின்னக் கூடாது, இரவு பல் துலக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆண்டுக்கு இரண்டு முதல் நான்கு முறை.

அந்தக் கால் மில்லியில் இருப்பது ஏறத்தாழ 5.6 மில்லிகிராம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடுள்ள ஊரில் ஒருவர் நாளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தால் 6 மில்லிகிராம் உட்செல்கிறது. ஆண்டில் சில முறை பூசுவதற்கே நாம் இத்தனை முறைகளை வகுத்து, அளந்து, எச்சரித்துச் செய்கிறோம். அதே அளவை ஒரு கைப்பம்பு ஒவ்வொரு நாளும், யாரையும் கேளாமல் கொடுத்துவிடுகிறது.

1969-ல் ஜப்பானில் நிஷினோவும் யமாகாவும் அறிமுகப்படுத்திய வெள்ளி டையமின் ஃபுளோரைடு இன்னொரு திசை. அது ஏற்கெனவே விழுந்த சொத்தையை, துளையிடாமல் ஊசி போடாமல், ஒரு சொட்டுத் தடவி நிறுத்திவிடுகிறது. விலையாகச் சொத்தைப் பகுதி நிலையாகக் கறுத்துவிடும். 2021-ல் உலகச் சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் பல்லுக்கான மருந்துகளை விரிவாக்கியபோது இதுவும் அதில் இடம்பெற்றது.

இந்த வரலாற்றை ஒருசேரப் பார்த்தால் ஒரு நகர்வு தெரிகிறது. வயிற்றிலிருந்து பல்லின் மேற்பரப்புக்கு, விழுங்குவதிலிருந்து பூசுவதற்கு வந்திருக்கிறோம். ஃபுளோரைடின் நன்மை பெரும்பாலும் முளைத்த பல்லின்மீது நேரடியாகப் படுவதால் கிடைப்பது என்பதை 1980களில் ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். தீமையோ பெரும்பாலும் விழுங்குவதால் வருவது. நன்மைக்கும் தீமைக்கும் வழி வெவ்வேறு என்று தெரிந்தபின் முறைகளைப் பிரித்துக்கொள்வது எளிதாகிவிட்டது. 2025-ல் யூட்டா மாநிலம் குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பதைத் தடைசெய்தது. அமெரிக்காவின் மாநிலங்களில் அதுவே முதலாவது. அந்த விவாதத்தில் அரசியலும் அச்சமும் கலந்திருக்கின்றன. அதை இங்கே தீர்க்க இயலாது. நமக்கு அந்த விவாதம் சரிவரப் பொருந்தவும் பொருந்தாது. இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய நீரைப் பாறையே நமக்குக் கலந்து கொடுத்துவிடுகிறது.

*

அந்த ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாம் கொல்லிமலையில் நடந்தது. உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளின் பற்களைச் சோதிக்க இளம் பல் மருத்துவர்கள் சிலர் சமவெளியிலிருந்து வந்திருந்தார்கள். வார்னிஷ் குப்பிகளும் தூரிகைகளும் ஒரு சிறு பெட்டியில் அடங்கிவிட்டன. பூசத் தொடங்குமுன் அவர்களுள் மூத்தவரான மருத்துவர் ஒரு பட்டியல் போடச் சொன்னார். ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்கவேண்டியவை இரண்டே: பிறந்தது முதல் எந்தெந்த ஊரில் இருந்தாய்? அங்கே குடித்தது ஊற்றுத் தண்ணீரா, குழாயா, போர்த் தண்ணீரா?

மலைப் பிள்ளைகள்தாமே, எல்லாருக்கும் ஒரே தண்ணீர்தானே என்றேன். அவர் இல்லையென்று தலையசைத்தார். மலையிலிருந்து கூலிக்கு இறங்காத குடும்பம் எது? சிலர் சமவெளியில் பிறந்து வளர்ந்து பள்ளிக்காக மலைக்கு வந்தவர்கள். மலையிலேயே சில இடங்களில் இப்போது ஆழ்துளைக் கிணறு உண்டு. வார்னிஷ் பூசுவதால் அவர்களுக்குப் பெரிய கேடு வந்துவிடாது. ஆனால் எந்தக் குழந்தைக்கு எந்தப் பற்பசை, எவ்வளவு என்று சொல்ல இது தெரிந்தாக வேண்டும். விழுங்கிவிடும் வயதில் அரிசியளவா, பட்டாணியளவா என்பதில்கூட வேறுபாடு உண்டு. "மருந்து கையில இருக்கு சார். முதல்ல தண்ணியக் கேக்கணும்" என்றார்.

பிள்ளைகள் எங்களிடம் வாய் திறக்கவில்லை. என் மாணவி முன்வந்தார். அவர்களுடைய பேச்சிலேயே கேட்டார். ஊர்ப் பெயர் தெரியாத குழந்தைகளிடம், அங்கே பக்கத்தில் செங்கல் சூளை இருந்ததா, பஸ் எந்த ஊருக்குப் போகும், தண்ணீரைப் பம்பில் அடித்தார்களா, ஓடையில் மொண்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கண்டுபிடித்தார். கறைப்பல் உள்ள ஒரு சிறுமி, தான் சரியாகப் பல் விளக்காததால் இப்படி ஆகிவிட்டதென்று பள்ளியில் திட்டு வாங்கியதாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் அவர், "அது உன் தப்பு இல்ல புள்ள, தண்ணியோடது. எனக்கும் இருக்கு பாரு" என்று காட்டினார்.

அவருடைய கறையையும் மருத்துவர் பார்த்தார். இது பரவும் நோயன்று, இனிக் கூடப்போவதுமில்லை. மேற்பரப்பை மென்மையாகத் தேய்த்தெடுக்கவோ பல்நிறப் பூச்சால் மறைக்கவோ வழியிருக்கிறது என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மாணவி அடுத்த குழந்தையிடம் போய்விட்டார். அவருடைய தம்பிக்கு அன்று வார்னிஷ் பூசினார்கள். இரண்டு பற்களை எடுக்கவேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். அவன் வாயைத் திறக்க மறுத்து அக்காளின் பின்னால் ஒளிந்துகொண்டதும், பூசி முடித்தபின் நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்த்ததும் இன்னும் நினைவிருக்கிறது.

அன்று பிற்பகல் முழுவதும் அவர் அந்தப் பிள்ளைகளோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் நோட்டும் மறுகையில் பேனாவும் இருந்ததால், வாயை மூடிக்கொள்ள அவருக்குக் கை ஒழியவில்லை.